வலைத்தளத்துக்கு எந்த எக்ஸ்எஸ்எல்டி பிராசஸர் வேகமானது?

கேள்வி இது: "எங்கள் தளத்தின் பக்கங்கள் எல்லாம் எக்ஸ்எம்எல் கோப்புகளாக இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்டைல்ஷீட் வழியாக எச்டிஎம்எல் ஆக்கித்தான் காட்டுகிறோம். ஜாவா சர்வர், ஜேடிகேயுடன் கூடவே வரும் பிராசஸர். ஒரே நேரத்தில் பலர் வந்தால் பக்கம் திறக்க இரண்டு மூன்று விநாடி ஆகிறது. லிப்எக்ஸ்எஸ்எல்டி, சாக்ஸன், ஸாலன் இவற்றில் எது வேகமானது, எதற்கு மாறலாம்?" எக்ஸ்எஸ்எல்டி என்பது எக்ஸ்எம்எல்லை எச்டிஎம்எல் மாதிரி வேறு வடிவமாக மாற்றும் விதிகளை ஸ்டைல்ஷீட்டாக எழுதும் மொழி, அதை ஓட்டும் நிரல்தான் பிராசஸர், அதாவது இன்ஜின். மேலோட்டமாகப் பார்த்தால் இன்ஜின் பற்றிய கேள்வி. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த இரண்டு மூன்று விநாடி எங்கே போகிறது என்பதைத்தான். அது தெரியாமல் இன்ஜினை மாற்றினால், பழைய பிரச்சினை புது இன்ஜினிலும் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும். எக்ஸ்எஸ்எல்டியோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், வேகம் போதவில்லை என்று வந்த தளங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்ஜினை மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை.

நீங்கள் சொன்னதில் முக்கியமான துப்பு "ஒரே நேரத்தில் பலர் வந்தால்" என்பது. தனியாகத் திறந்தால் வேகம், கூட்டம் வந்தால் மெதுவு என்றால் முதலில் ஒரு எளிய காரியம் செய்யுங்கள். சர்வர் திணறிக்கொண்டிருக்கும்போதே ஜேடிகேயில் (ஜாவா நிரலாக்கக் கருவித் தொகுப்பு) உள்ள ஜேஸ்டேக் கருவியை வைத்து, சில விநாடி இடைவெளியில், நாலைந்து முறை த்ரெட் டம்ப் எடுங்கள். த்ரெட்கள் எந்த இடத்தில் நிற்கின்றன என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். எக்ஸ்எஸ்எல்டிசி (ஸாலனிலிருந்து வந்த, ஜேடிகேயின் பிராசஸர்) கம்பைலர் பேக்கேஜின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஸ்டைல்ஷீட்டைப் புதிதாகக் கம்பைல் செய்கிறீர்கள். சாக்கெட் ரீட் என்று நின்றால் உங்கள் பார்சர் யாருக்கும் சொல்லாமல் இணையத்துக்குப் போய் எதையோ இறக்கிக்கொண்டிருக்கிறது. கிரெகர்சாம்சா என்ற கிளாஸ் பெயர் தென்பட்டால் பயப்பட வேண்டாம், உங்கள் சர்வரில் யாரும் புகுந்துவிடவில்லை. ஜேடிகேயின் பிராசஸர் ஸ்டைல்ஷீட்டை ஜாவா பைட்கோடாக மாற்றும்போது அந்தக் கிளாஸுக்கு வைக்கும் இயல்பான பெயர் அதுதான். காஃப்காவின் கதையில் பூச்சியாக உருமாறும் நாயகனின் பெயரை உருமாற்றும் நிரலுக்கு வைத்த ஆளின் குறும்பு. அங்கே நின்றால் மட்டும்தான் நேரம் உண்மையிலேயே உருமாற்றத்தில் போகிறது என்று அர்த்தம்.

இந்த மூன்றில் நான் அதிகம் பார்த்தது முதலாவதை. டிரான்ஸ்ஃபார்மர்ஃபேக்டரியிடம் ஸ்டைல்ஷீட் கோப்பை நேராக நீட்டி நியூடிரான்ஸ்ஃபார்மர் என்று கேட்கும் இரண்டு வரி மாதிரி நிரல் எல்லாப் பாடப்பக்கத்திலும் இருக்கிறது, எல்லாரும் அதையே எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அந்த ஒரு அழைப்புக்குள் என்ன நடக்கிறது பாருங்கள்: ஸ்டைல்ஷீட்டைப் படித்து, அது இம்போர்ட் செய்த கோப்புகளையும் படித்து, எல்லா எக்ஸ்பாத் கோவைகளையும் (எக்ஸ்எம்எல்லில் இடம் சுட்டுபவை) அலசி, பைட்கோடு உருவாக்கி, அதைக் கிளாஸாக ஜேவிஎம்முக்குள் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்) ஏற்றி, ஒரே ஒரு முறை ஓடவிட்டு, பிறகு தூக்கி எறிகிறோம். பக்கம் சின்னதாக இருந்தால் உருமாற்றத்தைவிடக் கம்பைலுக்கே பல மடங்கு நேரம் போகும். புதிதாக உருவான கிளாஸ்கள் குவிவதால் நினைவகத்துக்கும் சுமை. இதற்கு மருந்து ஜாவாவின் எக்ஸ்எம்எல் இடைமுகமான ஜேஏஎக்ஸ்பியிலேயே இருக்கிறது. நியூடெம்ப்ளேட்ஸ் என்று ஒரு முறை அழைத்து, வருகிற டெம்ப்ளேட்ஸ் ஆப்ஜெக்ட்டைச் சர்வர் கிளம்பும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை எத்தனை த்ரெட் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். அதிலிருந்து கோரிக்கைக்கு ஒன்றாக டிரான்ஸ்ஃபார்மர் எடுங்கள், அதற்கு அதிகம் செலவு கிடையாது. டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் இரண்டு த்ரெட்களுக்கு நடுவே பகிர்ந்துவிடாதீர்கள், ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் தரவு வந்து நிற்கும். ஸ்டைல்ஷீட்டை அடிக்கடி மாற்றுகிறவர்கள் என்றால் கோப்பு மாறிய நேரத்தைப் பார்த்து, மாறியிருந்தால் மட்டும் மறுபடி கம்பைல் செய்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். இதே கதைதான் பைத்தானிலும்: எல்எக்ஸ்எம்எல் நூலகத்தில் எக்ஸ்எஸ்எல்டி ஆப்ஜெக்ட்டை ஃபங்ஷனுக்குள் உருவாக்காமல் வெளியே ஒரு முறை உருவாக்கி வைக்க வேண்டும்.

இரண்டாவது, சாக்கெட் ரீட் விவகாரம். உங்கள் எக்ஸ்எம்எல் தலையில் எக்ஸ்எச்டிஎம்எல் டாக்டைப் வரி இருக்கிறதா? இருந்தால் ஜாவாவின் பார்சர், சரிபார்க்கச் சொல்லாவிட்டாலும், அது சுட்டும் டிடிடி கோப்பை (ஆவண அமைப்பு விதிகள்) படிக்க முயலும், ஏனென்றால் என்டிட்டிகளின் (  மாதிரிச் சுருக்கக் குறிகள்) பொருள் அதில்தான் இருக்கிறது. அந்த முகவரி வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் சர்வரில் இருக்கிறது. இப்படி உலகம் முழுக்க உள்ள நிரல்கள் ஒரே கோப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தொல்லை செய்வதாக டபிள்யூ3சியே 2008இல் வெளிப்படையாக எழுதியது, அளவுக்கு மீறிக் கேட்பவர்களுக்கு வேண்டுமென்றே தாமதமாகவும் பதில் தந்தது. இன்ஜினை மாற்றினால் மட்டும் இந்தத் தாமதம் போய்விடும் என்று நம்ப முடியாது. என்டிட்டிரிசால்வர் அல்லது எக்ஸ்எம்எல் கேட்டலாக் வைத்து உள்ளூர் நகலைக் காட்டிவிடுங்கள். தெரியாத ஆட்களிடமிருந்து எக்ஸ்எம்எல் வாங்குகிற தளம் என்றால் வெளிக் கோப்பு படிப்பதையே அடைத்துவிடுவது பாதுகாப்புக்கும் நல்லது.

இதோடு சேர்த்து டாக்குமென்ட் ஃபங்ஷனையும் பாருங்கள். மெனு, அடிக்குறிப்பு, மொழிபெயர்ப்புச் சரங்கள் என்று பொதுவான கோப்புகளை அதன் வழியாக இழுப்பது வழக்கம். ஒரே உருமாற்றத்துக்குள் அந்தக் கோப்பு ஒரு முறைதான் படிக்கப்படும், ஆனால் அடுத்த கோரிக்கை வந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்ஸ் ஆகும். யூஆர்ஐரிசால்வர் எழுதி, ஏற்கெனவே பார்ஸ் செய்து நினைவகத்தில் கட்டி வைத்த ஆவண மரத்தையே திருப்பித் தரலாம். சாக்ஸனில் இது அருமையாக வேலை செய்யும், அதன் டைனிட்ரீ என்ற மர வடிவம் கட்டிய பிறகு மாறாது, பல த்ரெட்கள் கவலையில்லாமல் படிக்கலாம். ஜேடிகேயின் டாம் மரத்தை (ஜாவாவின் வழக்கமான ஆவண மரம்) இப்படிப் பகிராதீர்கள், வெறுமனே படிப்பதற்குக்கூட அது த்ரெட்களுக்குப் பாதுகாப்பானது அல்ல.

மூன்றாவது இடத்தில், அதாவது உருமாற்றத்திலேயே, நேரம் போகிறது என்றால் அப்போதும் உடனே இன்ஜினைக் குறை சொல்ல முடியாது. எக்ஸ்எஸ்எல்டியின் முதல் பதிப்பான 1.0 ஸ்டைல்ஷீட்டுகளில் வழக்கமாக மாட்டுகிற ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். பொருள்களை வகைவாரியாகப் பிரித்துக் காட்ட, "இதற்கு முன்னால் உள்ள உடன்பிறப்புகளில் இதே வகை இல்லை என்றால் மட்டும் தலைப்புப் போடு" என்று பிரசீடிங் சிப்ளிங் வைத்து எழுதியிருப்பார்கள். 1,000 பொருள் இருந்தால் மோசமான பட்சத்தில் சுமார் 5 லட்சம் ஒப்பீடு, யாருக்கும் தெரியாது. அதே ஸ்டைல்ஷீட்டுக்கு 10,000 பொருள் போனால் சுமார் 5 கோடி. தரவு பத்து மடங்கு, வேலை நூறு மடங்கு. தளம் தொடங்கியபோது நன்றாக ஓடியது, இப்போது மட்டும் இழுக்கிறது என்ற புகாருக்குப் பின்னால் அநேகமாக இந்த மாதிரி ஒரு வரி இருக்கும். எக்ஸ்எஸ்எல்:கீ வைத்து ஒரு குறியீட்டு அட்டவணை கட்டி, அதில் வகையைத் தேடினால் இந்தப் பெருக்கம் அடங்கிவிடும். ஆரக்கிளில் இருந்த ஸ்டீவ் மியூன்ச் பெயரால் மியூன்ச் முறை என்று சொல்வது இதைத்தான். 2.0க்குப் போய்விட்டால் ஃபார்ஈச்குரூப் இருக்கிறது, இந்தச் சுற்றுவழியே வேண்டாம். இரட்டைச் சாய்கோடு போட்டு மரம் முழுக்கத் தேடுகிற கோவை ஒரு லூப்புக்குள் இருந்தாலும் இதே கணக்குதான். இவற்றைச் சரிசெய்து கிடைக்கும் பலன், எந்த இன்ஜினும் எந்த இன்ஜினையும் முந்துகிற அளவைவிட மிகப் பெரியது.

இதெல்லாம் முடிந்த பிறகும் போதவில்லை என்றால் இன்ஜின். அதிலும் முதலில் கேட்க வேண்டியது உங்கள் ஸ்டைல்ஷீட் எந்தப் பதிப்பு என்பது, ஏனென்றால் வேகத்துக்கு முன்பே அது பாதிப் பேரை வடிகட்டிவிடும். 1.0 வந்தது 1999இல், 2.0 2007இல், 3.0 2017இல். லிப்எக்ஸ்எஸ்எல்டி, ஜேடிகேயின் எக்ஸ்எஸ்எல்டிசி, டாட்நெட்டின் எக்ஸ்எஸ்எல்கம்பைல்டுடிரான்ஸ்ஃபார்ம், மூன்றுமே 1.0 மட்டும். லிப்எக்ஸ்எஸ்எல்டியில் இஎக்ஸ்எஸ்எல்டி நீட்சிகள் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். 2.0, 3.0 வேண்டும் என்றால் நடைமுறையில் எல்லாரும் போய்ச் சேருமிடம் மைக்கேல் கே உருவாக்கிய சாக்ஸன்.

லிப்எக்ஸ்எஸ்எல்டி சி மொழியில் எழுதியது, குனோம் திட்டத்துக்காக டேனியல் வெய்யார் தொடங்கியது. பிஎச்பியின் எக்ஸ்எஸ்எல்டிபிராசஸர், பைத்தானின் எல்எக்ஸ்எம்எல், ரூபியின் நோகோகிரி எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான். அதன் பெரிய பலம் தொடக்கச் செலவு கிட்டத்தட்ட இல்லாதது. ஜேவிஎம் சூடாகும் வரை, அதாவது கொஞ்சம் ஓடி வேகம் பிடிக்கும் வரை, காத்திருக்க வேண்டியதில்லை. சின்னச் சின்னப் பக்கங்கள், எளிய டெம்ப்ளேட்கள் என்றால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை என்றே சொல்லலாம். ரிகர்ஷன் ஆழம் இயல்பாக 3000 என்று வரம்பு வைத்திருக்கிறது, நீளமான சரத்தை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் பழைய பாணி டெம்ப்ளேட் எழுதியிருந்தால் அங்கே போய் முட்டும், வரம்பை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று யோசியுங்கள். நீங்கள் ஜாவாவில் இருக்கிறீர்கள். லிப்எக்ஸ்எஸ்எல்டிக்குப் போவதென்றால் கோரிக்கைக்கு ஒரு தனி பிராசஸ் கிளப்ப வேண்டும், அல்லது ஜேஎன்ஐ (ஜாவாவிலிருந்து சி நிரலை அழைக்கும் வழி) பாலம் கட்ட வேண்டும், அல்லது உருமாற்றத்தை இன்னொரு சேவையாகப் பிரிக்க வேண்டும். முதல் வழியில், இன்ஜினால் மிச்சமாகிற நேரத்தை பிராசஸ் கிளப்புவதே தின்றுவிடும். மூன்றாவது வழி செய்யலாம்; என்ஜின்எக்ஸ் வலை சர்வரில் லிப்எக்ஸ்எஸ்எல்டி மேல் ஓடும் எக்ஸ்எஸ்எல்டி மாட்யூல் ஒன்று இருக்கிறது, உங்கள் ஆப் வெறும் எக்ஸ்எம்எல்லை அனுப்ப, வெளியே போகும்போது அது எச்டிஎம்எல் ஆகிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் லிப்எக்ஸ்எஸ்எல்டியை வெகுகாலம் பராமரித்துவந்தவர் 2025இல் ஒதுங்கிக்கொண்டார் என்பதையும் கணக்கில் எடுங்கள். இன்றைக்கு ஓடுகிற தளத்தை அதற்காகப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை, புதிதாக அதன்மேல் கட்டுவதற்கு முன் மட்டும் ஒரு முறை யோசிப்பேன்.

ஜேடிகேயோடு வரும் எக்ஸ்எஸ்எல்டிசி பைட்கோடாகவே மாற்றிவிடுவதால் அதுதான் வேகம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. சின்ன ஸ்டைல்ஷீட்டுக்கு அது பொருந்தும். பெரிய டெம்ப்ளேட் பெரிய மெதட் ஆகும்போது கணக்கு உதைக்கிறது. ஜேவிஎம்மில் ஒரு மெதட் 64 கேபி பைட்கோடைத் தாண்டக் கூடாது. அதற்கு வெகு முன்பே, 8000 பைட்டைத் தாண்டிய மெதட்டை ஹாட்ஸ்பாட் ஜேவிஎம்மின் ஜிட் கம்பைலர் (ஓடும்போதே இயந்திர மொழியாக்குவது) இயல்பான அமைப்பில் தொடுவதே இல்லை, அது கடைசி வரை இன்டர்பிரட்டரிலேயே நகரும். மூவாயிரம் வரிக்கு ஒரே டெம்ப்ளேட் எழுதி வைத்திருப்பவர்கள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்தாலே வித்தியாசம் தெரிய வாய்ப்பிருக்கிறது.

சாக்ஸன் பைட்கோடு ஆக்காவிட்டாலும் அதன் ஆப்டிமைசரும் டைனிட்ரீயும் நன்றாகத் தேறியவை. இலவச எச்இ பதிப்பே சாதாரணத் தளத்துக்குப் போதும். பணம் கொடுத்து வாங்கும் இஇ பதிப்பில் ஸ்ட்ரீமிங் உண்டு, மேலே சொன்ன மாதிரி மோசமான ஒப்பீட்டு லூப்புகளில் சிலவற்றைத் தானே அட்டவணை கட்டிச் சமாளிக்கவும் செய்யும். ஸ்ட்ரீமிங் என்பது நினைவகத்தில் அடங்காத ராட்சசக் கோப்புகளுக்கு, வலைப்பக்கத்துக்கு அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சாக்ஸனுக்கு மாறினால் ஒரு விஷயத்தில் கவனம்: உள்ளீடாக டாம் மரத்தைக் கொடுக்காதீர்கள். வாங்கிக்கொள்ளும், சரியான விடையும் தரும், ஆனால் டாமைச் சுற்றி ஒரு உறை போட்டு நடப்பதால் பல மடங்கு மெதுவாக. ஸ்ட்ரீம்சோர்ஸ் கொடுத்து மரத்தை அதையே கட்டச் சொல்லுங்கள். "சாக்ஸனுக்கு மாறினோம், இன்னும் மெதுவாகிவிட்டது" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

சரி, எது எத்தனை மடங்கு வேகம்? இங்கேதான் உறுதியாகச் சொல்லக்கூடியது முடிகிறது. தொடக்கச் செலவில் லிப்எக்ஸ்எஸ்எல்டி ஜெயிக்கும் என்பது உறுதி. சூடான ஜேவிஎம்மில், சிக்கலான ஸ்டைல்ஷீட்டில், சாக்ஸன் அதை நெருங்குவதும் சில சமயம் தாண்டுவதும் நடக்கக்கூடியது, ஆனால் உங்கள் கோப்பில் நடக்குமா என்பதை உங்கள் கோப்பைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது, நானும் சேர்த்துத்தான். பொதுவான ஒரு விகிதத்தை அடித்துச் சொல்பவரிடம் என்ன ஸ்டைல்ஷீட், என்ன தரவு, ஜேவிஎம் சூடாக விட்டீர்களா என்று கேளுங்கள். இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் ஒப்பீட்டு அட்டவணைகளில் பல 2000களின் தொடக்கத்தில் வந்த எக்ஸ்எஸ்எல்டிமார்க் என்ற வேகச் சோதனையின் காலத்தவை. அதில் முன்னணியில் இருந்த சில பிராசஸர்கள் இன்று உயிரோடே இல்லை.

அளப்பதும் கஷ்டமில்லை. லிப்எக்ஸ்எஸ்எல்டியோடு வரும் எக்ஸ்எஸ்எல்டிபிராக் கட்டளையில் டைமிங் ஆப்ஷன் போட்டால் ஸ்டைல்ஷீட் பார்ஸ், ஆவணம் பார்ஸ், உருமாற்றம் என்று கட்டம் கட்டமாக மில்லிவிநாடி காட்டும். புரொஃபைல் ஆப்ஷன் போட்டால் எந்த டெம்ப்ளேட் எத்தனை முறை ஓடியது, எவ்வளவு நேரம் தின்றது என்று பட்டியலே தரும். நீங்கள் கடைசியில் லிப்எக்ஸ்எஸ்எல்டிக்குப் போகாவிட்டாலும், ஸ்டைல்ஷீட்டில் எங்கே உதைக்கிறது என்று பார்க்க மட்டும் இதைப் பயன்படுத்தலாம். சாக்ஸனிலும் டீ ஆப்ஷன் இதே கட்டங்களைத் தனித்தனியாகக் காட்டும், டீபீ போட்டால் புரொஃபைலை எச்டிஎம்எல் பக்கமாகவே எழுதித் தரும், ரிப்பீட் போட்டு ஜேவிஎம்மைச் சூடாக்கிவிட்டுக் கடைசி எண்களை மட்டும் எடுக்கலாம். முதல் ஓட்டத்தின் எண்ணை வைத்து ஜாவா பிராசஸர் எதையும் எடைபோடாதீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: இந்த எக்ஸ்எம்எல் எவ்வளவு அடிக்கடி மாறுகிறது? ஒரு நாளைக்கு ஒரு முறை மாறுகிற கட்டுரையை ஆயிரம் வாசகருக்கு ஆயிரம் முறை உருமாற்றுவது வீண் வேலை. வெளியிடும்போதே உருமாற்றி எச்டிஎம்எல்லாக வைத்துவிட்டால் இன்ஜின் போட்டியே அர்த்தமற்றுப் போகும். வாசகருக்கு வாசகர் மாறுகிற துண்டு (பெயர், கூடை மாதிரி) இருந்தால் அதை மட்டும் தனியாகப் பிரித்துப் பிறகு சேர்க்கலாம். உருமாற்றத்தைப் பிரவுசரிலேயே செய்யவிட்டுச் சர்வரைக் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரவுசர்களில் 1.0க்கு மேல் வந்ததே இல்லை, இப்போது அதையும் எடுக்கப்போவதாகக் குரோம் 2025இல் அறிவித்துவிட்டது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் டெம்ப்ளேட்ஸைப் பிடித்து வைத்து, டிடிடியை உள்ளூருக்குக் கொண்டுவந்து, அப்புறம் அளப்பேன். அதற்கு மேலும் தேவைப்பட்டால் ஜாவாவை விட்டு வெளியே போகாமல் சாக்ஸன் எச்இயைப் போட்டுப் பார்ப்பேன். ஜேஏஎக்ஸ்பி வழியாக எழுதியிருந்தால் நிரலில் பெரிதாகக் கை வைக்க வேண்டியிராது. ஆனால் ஸ்டைல்ஷீட்டில் பதிப்பு எண்ணை 2.0 அல்லது 3.0 என்று மாற்றும்போது அமைதியாக மாறுகிற இடங்கள் உண்டு. பல கணுக்கள் பொருந்தினால் 1.0இல் வேல்யூஆஃப் முதல் கணுவை மட்டும் எழுதும், 2.0 முதல் எல்லாவற்றையும் நடுவே இடைவெளி விட்டு எழுதிவிடும். இரண்டு விலைகளைச் சிறியது பெரியது என்று ஒப்பிட்டால் 1.0 எண்களாகப் பார்க்கும், ஸ்கீமா இல்லாத 2.0இல் எழுத்துகளாகப் பார்க்கும், அப்போது 10 என்பது 9ஐவிடச் சிறியதாகிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. அதனால் மாற்றுவதற்கு முன் இப்போதைய இன்ஜின் தருகிற எச்டிஎம்எல்லை எல்லா வகைப் பக்கத்துக்கும் சேமித்து வைத்துக்கொண்டு, புதியதோடு டிஃப் போட்டுப் பாருங்கள். இன்டென்ட்டை இரண்டிலும் நிறுத்திவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் வெற்றிட வித்தியாசங்களுக்குள் உண்மையான வித்தியாசம் ஒளிந்துகொள்ளும்.